தச்சர் வளனார்

நான்கு சுவிசேடங்களையும் முதலிலிருந்து இறுதிகாறும் ஆராய்ந்து நோக்கினும், அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லேனும் அவற்றிற் காணப்பெறவில்லை. தேவதாயார் மொழிந்தவை உள. இடையர் மொழிந்தவையும், ஏரோது மன்னன் மொழிந்தவையும் உள. நாசரேத்துக் குடும்பத்தின் தலைவர் மொழிந்தது மட்டும் இல்லை. அவர் செய்த தொழில் யாதென்று கூறும் இடமும் ஒன்றேயாம். அதுதானும் அவரைப் புகழ எழுந்த இடமன்று. சேசுநாதர் தம் சொந்த ஊரிற் போதிக்கக் கேட்ட ஊரார் முதலில் வியந்தனர். பின்னர் மனம் புழுங்கி, இவன் அந்தத் தச்சன் மகன்தானே என்னும் கருத்துப்படத் தம்முள் பேசிக்கொண்டனர் என்று மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரைந்திருக்கின்றார். மாற்கு அவ்விடத்திலேயே சேசுநாதரையே தச்சர் என ஊரார் குறித்ததாக எழுதினார். ஆகவே, சூசையப்பரின் தொழில் ஓர் இழிப்புரையின் வாயிலாகவன்றி வேறெவ்வாற்றானும் நமக்குத் தெரியவந்ததன்று. ஊரார் ஏளனமாக எறிந்த அச்சொல் எங்ஙனம் ஒரு திருநாளின் பெயராயிற்று என்பதையே யாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அச்சொல்லையே நோக்குவோம். கிரேக்க மூலத்தில் உள்ளது 'தெக்தோன்' என்பது. அது மரவேலை செய்வோனைச் சிறப்பாகக் குறிப்பினும், கட்டடத் தொழிலாளியையும் குறிக்கும் பரப்புடையது. இலத்தீன் மொழியில் அதற்கு இட்ட 'பாபெர்' என்னுஞ் சொல் இன்னும் அகன்று கொல்லரையும் தழுவும். தமிழில் வழங்கும் 'தச்சன்' என்பதோ, மரத்தச்சன், கற்றச்சன் என அடைபெற்று இருதிறத்தாருக்கும் பொருந்தி வருதலின், கிரேக்கச் சொல்லின் பரப்பை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கின்றது. இஃது ஓர் இயைபு மட்டும் அன்று. தச்சன் என்பதனை வடமொழித் 'தக்ஷன்' என்பதன் திரிபாகத் தமிழ்ப் பேரகராதி கொள்கின்றது. தக்ஷன் என்பதும் தெக்தோன் என்பதும் ஒரு வேரிற் கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு. எனவே சுவிசேடம் தமிழுக்கு வந்தபொழுது, நெடுநாட் பிரிந்திருந்த உடன்பிறப்பினைக் கண்டாற்போல அக்கிரேக்கச் சொல் தன் உறவினையே ஈண்டுக் கண்டது. தச்சன் என்பது தூய தமிழ்ச்சொல்லே என வாதிப்பாரும் உளர். அவ்வழக்கினை ஈண்டு விரிப்பிற் பெருகும். ஆசிரியர் முன்னிலையில் வகுப்பிற் பலகாலும் நிகழ்ந்ததும் அதுவே.

நாசரேத்து அந்நாளில் கலிலேயாவிலிருந்த ஒரு சிற்றூர். அதனின்றும் ஒன்றரை மணி நேர நடையில் செப்போரிஸ் என்னும் நகரம் இருந்தது. ஏரோது அந்திப்பா அதனைப் புதுக்கிக் கட்டினான். சிற்றூர்த் தச்சர் அந்நகரத்துக்கும் வேலைக்குச் சென்றிருத்தல் கூடும் என அறிஞர் சிலர் உய்த்துணர்வர். உறுதியாய்க் கிடைக்கும் பழஞ்செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் நூற்றாண்டினரான யுஸ்தீன் என்னும் வேதசாட்சி, சேசுநாதர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என எழுதிவைத்தார். தந்தையின் பட்டறையிலே மகன் கற்ற வேலை அதுவேயாம். அரண்மனைக்குச் சித்திரக் கதவு செதுக்கியதாகப் பிற்காலக் கற்பனை எதுவும் இங்கே இல்லை. உழவர் கேட்ட பொருளே செய்யப்பட்டது. குழந்தையைக் கோயிலில் ஒப்புக்கொடுக்கச் சென்ற நாளில் அவர்கள் செலுத்திய காணிக்கை புறாக்களே என லூக்காஸ் கூறுகின்றார். ஆட்டுக்குட்டி கொடுக்க வகையில்லாத வறியோர்க்குப் பழைய ஏற்பாட்டுச் சட்டம் வகுத்த காணிக்கை அது.

இனி, அவர் தந்தையானது எவ்வாறு? குருதி உறவால் அன்று என்பது திருச்சபையின் போதனை. மத்தேயுவின் வரலாற்றை உற்று நோக்கின், வானவன் அவருக்குக் கனவில் இட்ட பணி பிள்ளைக்குப் பெயரிடுதலேயாம். யூதர் வழக்கிற் பெயரிடுதல் என்பது இவன் என் மகன் என்று ஊரறிய ஏற்றல். அவர் பெயரிட்டார், தாவீது மன்னன் மரபு அதனால் அம்மகவுக்கு உரிமையாயிற்று. மத்தேயு கூறும் கனவுகள் நான்கு. ஒவ்வொன்றன் பின்னும் சூசையப்பர் எழுந்தார், செய்தார் என்றே கதை செல்லுகின்றது. வினாவினார், விடைபகர்ந்தார் என்று எங்கும் இல்லை. இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எசித்து நாட்டுக்குப் புறப்பட்டதும் அவ்வகையே.

தமிழில் இவ்விடத்துக்குப் பொருந்தும் நுட்பம் ஒன்றை யாம் கண்டு மகிழ்ந்தோம். எந்தை, நுந்தை, தந்தை என்பன பழந்தமிழ் முறைப்பெயர்கள். என் தந்தை, நும் தந்தை, தம் தந்தை என அவை மூவிடத்தும் உரிமை காட்டியே நிற்கும். எவர்க்கும் உரிமைப்படாமல் வெறுமனே தந்தை என ஒருவனைச் சுட்டும் சொல் அவ்வரிசையில் இல்லை. பன்னிரண்டாம் அகவையில் எருசலேம் ஆலயத்தில் மகனைத் தேடிக் கண்ட தாயார், சூசையப்பரை அம்மகனுக்குத் தந்தை என்றே சுட்டினார் என்று லூக்காஸ் எழுதியதனைப் பழந்தமிழிற் பெயர்ப்பின் 'நுந்தை' என்னும் சொல்லே வரும். அதற்குப் பின்னர்ச் சூசையப்பர் நிகழ்ச்சிகளில் தோன்றுவதில்லை. மகன் போதிக்கத் தொடங்குமுன் அவர் இறந்திருத்தல் வேண்டும் என முன்னோர் கொண்டனர். மனைவியும் மகனும் இருமருங்கும் இருக்க உயிர் நீத்தாராகலின், நன்மரணத்திற்குப் பாதுகாவலர் என அவரை வேண்டுதலும் வழக்காயிற்று.

இங்கே ஒன்று கூறாது அமைதல் எமக்கு இயலவில்லை. கல்லூரியிற் சேரும் மாணவர் நிரப்பிக் கொடுக்கும் தாளில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. தறி நெய்வார், மரம் இழைப்பார், வலை வீசுவார், சுமை தூக்குவார் ஆகியோரின் மக்கள் நம்முள் பலர். அவருள் தம் குடியில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தாரும் உளர். அக்கட்டத்துக்கு வந்தவுடன் எழுதுகோல் நின்றுவிடுவதை யாம் கண்டிருக்கின்றோம். தச்சு வேலை என்று எழுதக் கூசித் 'தனியார் பணி' என்று எழுதினவர் உளர். ஒன்றும் எழுதாமற் கோடு கிழித்து விட்டவரும் உளர். நாசரேத்து ஊரார் பேசிய அச்சொல் இன்றும் சாகவில்லை. அச்சொல்லுக்குச் சேசுநாதர் அளித்த விடை நோக்கத்தக்கது: தீர்க்கதரிசிக்குத் தன் ஊரிலும் தன் வீட்டிலும் மதிப்பில்லை என்னும் கருத்தை மொழிந்தாரேயன்றித் தாம் தச்சன் மகன் என்பதை அவர் மறுத்திலர்.

திருச்சபையினரும் தொடக்கத்தில் சூசையப்பரை மிகுதியாகப் போற்றினர் என்று கூறுதற்கில்லை. வேதசாட்சிகளின் கல்லறைகளே முதல் நூற்றாண்டுகளில் வணங்கப்பெற்றன. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'யாகப்பரின் முதற் சுவிசேடம்' என்னும் ஏற்கப்படாத நூல், அவரை மனைவியை இழந்த முதியவராக்கிற்று. அவர் கோலிலிருந்து புறா வெளிப்பட்டது என்னும் கதையும் அந்நூலினதே. அதனைப் பின்பற்றிய ஓவியர், நரைத்த தாடியுடன் ஒரு மூலையிற் குந்தித் துயிலும் கிழவராக அவரை வரைந்தனர். இம்முதுமைக் கோலத்தைக் கண்டித்தவர் பாரிசுப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த யோவான் செர்சோன் என்பார். 1416-ஆம் ஆண்டில் கொன்ஸ்தான்சுச் சங்கத்தாரின் முன் பிரசங்கித்த அவர், சூசையப்பர் வலிமை வாய்ந்த இளமைப் பருவத்தினரே எனக் கொண்டு, அவர்க்கு உரிய சிறப்புச் செய்யவேண்டும் என வாதித்தார். எமக்கும் அதுவே நேரிதாகப் படுகின்றது. தளர்ந்த முதியவரொருவர் கைக்குழந்தையுடன் பாலை கடந்து அயல்நாடு சென்று, அங்கே உழைத்து மூவர்க்கும் உணவு தேடினார் என்பது எங்ஙனம் பொருந்தும்?

பின்னர் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் தெரேசம்மாள் 1562-இல் தாம் சீர்திருத்திய சபையின் முதல் மடத்தைச் சூசையப்பர் பெயராலேயே நிறுவினார். 1621-இல் பதினைந்தாம் கிரகோரியார் மார்ச்சு 19-ஆம் நாளை உலகெங்கும் கடன் திருநாளாக்கினார். 1726-இல் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் புனிதர் பிரார்த்தனை மாலையில் அவர் பெயரைச் சேர்த்தார்.

அந்த 1726-ஆம் ஆண்டே தமிழர்க்கும் நினைவிற் கொள்ளத்தக்கது. உரோமையில் சூசையப்பர் பெயர் மன்றாட்டில் ஏறிய அவ்வாண்டிலேதான், தமிழகத்தில் அவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி நிறைவெய்திற்று என்பர். இத்தாலி நாட்டில் 1680-இற் பிறந்து, முப்பது அகவையளவில் இந்நாடு போந்து, வீரமாமுனிவர் எனப் பெயர்பெற்ற பெஸ்கி பாதிரியார் இயற்றிய அக்காப்பியம் மூன்று காண்டமும், முப்பத்தாறு படலமும், 3615 பாக்களும் உடையது. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாராகிய ஆகிர்தா மரியம்மையார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலை முனிவர் தமக்கு ஆதாரமாகக் கொண்டார் என்ப.

காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் விதி. அரசரும் வணிகரும் முனிவரும் அங்ஙனம் தலைவராதலைக் கற்றிருக்கின்றோம். உளி பிடித்த கையினர் ஒருவரை, அதிலும் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசாதவரை, தலைவராக்குதல் எளிய செயலன்று. முனிவர் முதலில் அவர்க்கு ஒரு பெயர் கண்டார். எபிரேய மொழியில் யோசேப்பு என்பது இறைவன் கூட்டித் தருவான், பெருகச் செய்வான் என்னும் பொருளது என்பது ஆதியாகமத்தால் விளங்கும். போர்த்துக்கேயர் வழியாக வந்து மக்கள் நாவிற் பழகியது 'சூசை' என்னும் ஒலி. அதற்குத் தமிழில் ஒரு பொருளும் இல்லை. முனிவரோ ஒலியை விட்டுப் பொருளைப் பற்றினார், 'வளன்' என்றார். ஈரெழுத்து வேரில் எபிரேயப் பெயரின் உட்கிடை முழுதும் அடங்கிற்று. மொழிபெயர்ப்புப் பயில்வார் இவ்வொரு சொல்லை ஒரு நாள் முழுதும் எண்ணலாம்.

சுவிசேடத்தின் மௌனத்தை அவர் நிரப்பிய வகையும் ஆராயத்தக்கது. மரியம்மாள் கருவுற்றமை அறிந்து சூசையப்பர் கலங்கியதையும், கனவில் தெளிந்ததையும் மத்தேயு ஒருசில வாக்கியங்களிற் கூறி முடிக்கின்றார். முனிவர் அவற்றை ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என இரு படலங்களாக விரித்தார். இல்லறமும் துறவறமும் ஒருவரிடத்தே பொருந்திய வியப்பினை ஈரறம் பொருத்து படலம் என்றே பெயரிட்டு அமைத்தார். ஈரறமும் தனித்தனி வேறுபடுத்திக் கற்பிக்கும் நூல்களைப் பயின்ற தமிழர்க்கு இத்தலைப்பு ஒன்றே ஒரு புதுமையாகத் தோன்றியிருக்கும். இறுதியில் வளனுக்கு வானுலகில் முடி சூட்டிக் காப்பியத்தை முடித்தார்.

ஆயினும் எம் உள்ளத்தில் தோன்றும் ஒரு குறையையும் மறைக்கவேண்டுவதில்லை. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கிச் செல்லும் பெருங்காப்பிய நெறியில், தாவீது அரச மரபினர் என்பதே வளனுக்குக் கைகொடுத்தது. தச்சர் என்பது அத்துணை உதவவில்லை. உளியோசையினும் முரசோசையே அந்நூலில் மிக ஒலிப்பதாக எமக்குப் படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வேறெவ்வாறு பாடியிருக்க இயலும் என்று வினவின், விடையிறுத்தல் அரிது. உழைப்பாளியை உழைப்பாளியென்றே வைத்துத் தலைவனாக்கும் காலம் ஐரோப்பாவிலும் அன்று பிறந்திலது.

அக்காலம் ஆலைகளோடு பிறந்தது. 1870-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இத்தாலியப் படை உரோமையைக் கைப்பற்ற, தம் நாட்டை இழந்து நின்ற ஒன்பதாம் பத்திநாதர், அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாளில் சூசையப்பரைத் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஏரோதின் வாளுக்குத் தப்பக் குடும்பத்தைக் காத்தவர் இதனையும் காப்பார் என்பது கருத்து. அவர்க்குப் பின்வந்த பதின்மூன்றாம் லியோ, தமிழர் சிங்கராயர் என வழங்கும் பாப்பரசர், 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் விடுத்த நிருபத்தில் வேறொரு வாயிலைத் திறந்தார். தந்தையர்க்கு அவர் சிறந்த மாதிரி என்று கூறியதோடமையாது, கைத்தொழிலாளரும் எளியோரும் அவரை நாடுதற்குத் தனியுரிமையே உடையர் என எழுதினார். தொழிலாளர் கூலியையும் உரிமையையும் பற்றிய அவருடைய பெயர்பெற்ற நிருபம் அதற்கு இரண்டாண்டு கழித்து, 1891-இல் வெளிவந்தது.

அவ்வாண்டைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு வியப்புண்டு. அதே 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலேதான் பாரிசு நகரிற் கூடிய பொதுவுடைமையாளர் மாநாடு, எட்டு மணி நேர வேலைக்காக மே முதல் நாளிலே உலகத் தொழிலாளர் எல்லாரும் கிளர்ந்தெழ வேண்டும் எனத் தீர்மானித்தது. சிகாகோ நகரில் 1886-இல் சிந்திய குருதியின் நினைவு அந்நாளுக்கு உண்டு. நம் சென்னைக் கடற்கரையில் 1923-இல் சிங்காரவேலர் அந்நாளைக் கொண்டாடினார். பாரிசு மாநாட்டுக்கும் உரோமை நிருபத்துக்கும் இடைப்பட்டது ஒரு திங்களளவே. ஒன்றையொன்று அறியாமல், அன்றி அறிந்து ஐயுற்று, இவ்விரண்டும் அறுபத்தாறு ஆண்டுகள் தனித்தனி நடந்தன. 1955-ஆம் ஆண்டு மே முதல் நாளில், உரோமையில் இராயப்பர் பேராலய முற்றத்தில் திரண்டிருந்த இத்தாலியக் கிறித்தவத் தொழிலாளர் சங்கத்தார்க்கு முன், பன்னிரண்டாம் பத்திநாதர் அந்நாளைத் 'தொழிலாளராகிய சூசையப்பர்' திருநாளாக ஏற்படுத்தினார். ஊரார் ஏளனமாக எறிந்த தொழிற்பெயர் அன்று வழிபாட்டு நாட்காட்டியில் ஏறிற்று.

பொதுவுடைமையாரின் நாளைத் திருச்சபை பறித்துக்கொண்டது என்று குறை கூறுவார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அக்கட்சியோடு நிகழ்ந்த போட்டி அந்நாளின் பிறப்பில் உண்டு. ஆனால் போட்டிக்காக ஒரு புதிய புனிதரைத் தேடவேண்டிய நிலை அவர்க்கு ஏற்படவில்லை. சுவிசேடத்திலேயே ஒரு தச்சர் காத்திருந்தார். மற்றொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1969-ஆம் ஆண்டு நாட்காட்டித் திருத்தத்தில் அத்திருநாள், விரும்பினோர் கொண்டாடும் நினைவுநாளாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்னரே 1962-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் அவர் பெயரைத் திவ்விய பலிபூசையின் நடுமந்திரத்திற் சேர்த்திருந்தார். ஏனைய நற்கருணை மன்றாட்டுக்களில் அது 2013-இற் சேர்ந்தது. திருச்சபைப் பாதுகாவலராகிய நூற்றைம்பதாம் ஆண்டை முன்னிட்டு, 2020 டிசம்பர் முதல் ஓராண்டுக் காலம் சூசையப்பர் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது. உலகம் கொள்ளைநோயில் அடங்கிக் கிடந்த காலம் அது. அவ்வமயம் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதிய மடலில், பெயர் தெரியாது உழைத்து ஊரை வாழவைத்த செவிலியர், கடைப்பணியாளர், துப்புரவு செய்வோர் முதலியோரைச் சூசையப்பரோடு சேர்த்து நினைந்தார்.

ஏடுகளில் நிகழ்ந்தவை இவை. மக்கள் தம் வழியே கொண்டாடியவை வேறு. வலென்சியா நகரில் மார்ச்சு 19 இரவிற் பெரும்பொம்மைகளை எரிக்கும் விழா, தச்சர்கள் பனிக்கால முடிவில் தம் பட்டறைக் கழிவு மரங்களைத் தெருவிலிட்டு எரித்த வழக்கினின்றும் எழுந்தது என்று அவ்வூரார் கூறுப. சிசிலித் தீவிலோ அந்நாளில் சூசையப்பர் பந்தி விரிப்பர். ஏழையர் மூவரைத் திருக்குடும்பமாக அமர்த்தி, அவர் உண்ட பின்னரே ஏனையோர் உண்பர். சலேமி என்னும் ஊரில் அப்பந்திக்காகச் சுடும் அப்பங்கள் வாள், சுத்தியல், ஏணி, ஆணி முதலிய தச்சுக் கருவிகளின் வடிவில் அமைந்திருக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மார்ச்சு 19 தந்தையர் நாளுமாம்.

நம் நாட்டிலே மார்ச்சுத் திங்கள் முழுதும் சூசையப்பர் வணக்கமாதம். புதன்கிழமை அவர்க்குரியது. சுரூபங்களில் ஒரு கையிற் குழந்தையும் மறு கையில் லீலிமலரும் இருத்தலே பெரும்பான்மை. இழைப்புளியும் வாளும் ஏந்திய சுரூபங்கள் மே நாளின் பின்னரே பெருகின. முனிவர் சூட்டிய பெயரும் வீண்போகவில்லை. 1844-இல் நாகப்பட்டினத்திற் தொடங்கி 1883-இற் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த கல்லூரி இன்று தமிழில் தூய வளனார் கல்லூரி என்றே வழங்குகின்றது. வளன், வளனரசு எனப் பிள்ளைகளுக்கும் பெயரிடுகின்றனர். ஆயினும் பாட்டிமார் நாவில் அவர் இன்றும் சூசையப்பரே. இடுக்கண் வந்துற்றபோது சேசு, மரி, சூசை என்னும் மூன்று பெயரையும் ஒரே மூச்சிற் சேர்த்துச் சொல்வது பழைய கத்தோலிக்கர் வழக்கம். சைவர் 'சிவமயம்' என்று தொடங்கும் இடத்திலே, கத்தோலிக்கக் குடும்பத்தார் திருமண அழைப்பிதழின் தலைப்பில் 'சேசு மரி சூசை துணை' என அச்சிடுவர். மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் அதற்குக் கீழே வரும்.